தள்ளிவிட்டது கொலையாகுமா?

(டிராம்பேயில் நடந்த நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில், மும்பை கோர்ட்டுகளில் கிரிமினல் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் கூட்டங்களில் வழக்கமாக உபன்யாசம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு டாக்டர் வந்து சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார். போன தடவை உயில் எழுதுவது எப்படி என்று ஒரு நண்பர் அழகாகச் சொன்னார். இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டு "கிரிமினல் சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார்கள். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "நம்மவா கூட்டத்துல போய் கொலை, குத்துன்னு பேசப் போறேளா? வேற விஷயமே கிடைக்கலையா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, நான் நடத்திய ஒரு கேஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெயர், வருஷம் எதுவும் சொல்லப் போவதில்லை. அந்த இரண்டு குடும்பத்திலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

செம்பூருக்கும் டிராம்பேக்கும் நடுவே ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடம். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம். கீழ் வீட்டுப் பையன், இருபத்தாறு வயது, நல்ல வேலை, குழாயில் ஒரு சின்ன மோட்டார் வைத்து இழுத்துவிட்டான். மூன்றாவது மாடியில் இருந்த பெரியவருக்கு, அறுபத்தேழு வயது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. இறங்கி வந்து சத்தம் போட்டார். வார்த்தை தடித்தது. பெரியவர் பையனின் சட்டையைப் பிடித்தார். பையன் இரண்டு கையாலும் அவர் மார்பில் வைத்துத் தள்ளினான். பின்னால் மாடிப்படி. கடைசிப் படியின் விளிம்பில் பின்மண்டை பட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

இரண்டு குடும்பமும் தமிழ்க் குடும்பம். நவராத்திரிக்கு ஒருவர் வீட்டுச் சுண்டல் இன்னொருவர் வீட்டுக்குப் போகும். போலீஸ் முதல் நாள் சாதாரண அடிதடி என்று எழுதிக்கொண்டது. மூன்றாம் நாள் அதே காகிதத்தில் 302-வது பிரிவு, அதாவது கொலை, ஏறியது. கட்டடம் இரண்டாகப் பிரிந்தது. "தள்ளினான், அவ்வளவுதானே! இது விபத்து" என்று ஒரு கட்சி. "உசிர் போயிடுத்து. இது கொலை இல்லாம வேற என்ன?" என்று இன்னொரு கட்சி. பையனின் தகப்பனார் என்னிடம் வந்தார். நான் வக்காலத்து எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கட்சியும் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்பதுதான் இன்றைய விஷயம்.

நாம் சாதாரணமாக விளைவைப் பார்க்கிறோம். செத்துப் போனால் கொலை, பிழைத்தால் அடிதடி. சட்டம் விளைவை மட்டும் பார்ப்பதில்லை. செய்த நேரத்தில் செய்தவன் மனதில் என்ன இருந்தது என்று கேட்கிறது. செயல் ஒரு கை, எண்ணம் இன்னொரு கை. பெரிய குற்றங்களில் இரண்டு கையும் சேர்ந்தால்தான் தட்டு விழும்.

"மனசுக்குள்ள போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. அதனால் கோர்ட் வெளியில் இருப்பதைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கிறது. கையில் என்ன ஆயுதம், அது வீட்டிலிருந்து கொண்டுவந்ததா, அங்கேயே கிடந்ததா? அடி எங்கே விழுந்தது? எத்தனை அடி? விழுந்த பிறகும் அடித்தானா? முன்னால் என்ன சொன்னான், பின்னால் ஓடினானா, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தானா? எங்கள் பையன் ஆட்டோ பிடித்து அவரைத் தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். அது ஒன்று எனக்கு எவ்வளவு உதவிற்று என்று சொல்லி முடியாது.

இனி கொஞ்சம் பிரிவு நம்பர்கள். மெக்காலே போட்ட அஸ்திவாரத்தின் மேல் 1860-ல் எழுந்த இந்தியன் பீனல் கோடு 1862 முதல் நம்மை ஆண்டது. 1-7-2024 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். நம்பர் எல்லாம் மாறிவிட்டது. 302 என்று சினிமாவில் கேட்டுக் கேட்டுப் பழகிய நம்பர் இப்போது 103. ஆனால் கொலையைப் பற்றிய தத்துவம் மாறவில்லை. வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

அந்தத் தத்துவம் ஏணி மாதிரி. மேல் படியில் கொலை. அதற்குக் கீழே "கொலைக் குற்றம் ஆகாத, மரணம் விளைவித்த குற்றம்" என்று நீளமான பெயருள்ள படி. வக்கீல்கள் கல்பபிள் ஹோமிசைட் என்பார்கள். அதுவே இரண்டு பாகம்: மரணம் நேரக்கூடிய காயத்தைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது என்பது முதல் பாகம். எண்ணம் இல்லை, ஆனால் இப்படிச் செய்தால் சாவு நேரலாம் என்று தெரிந்திருந்தது என்பது இரண்டாம் பாகம். அதற்கும் கீழே, எண்ணமும் இல்லை, அந்தத் தெரிதலும் இல்லை, அஜாக்கிரதை மட்டும் என்றால் பழைய 304-ஏ, இப்போதைய 106. தண்டனை, மேலே தூக்கு அல்லது ஆயுள். நடுவில் முதல் பாகத்துக்கு ஆயுள் வரை போகலாம், இரண்டாம் பாகத்துக்குப் பத்து வருஷம் வரை. கீழே முன்பு இரண்டு வருஷம், புதிய சட்டத்தில் ஐந்து. டாக்டர்கள் வைத்தியத்தின்போது செய்தால் இரண்டு.

இந்த ஏணியில் முதல் இரண்டு படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மயிரிழை. அதை விளக்கிய பழைய தீர்ப்பு நம் பம்பாய் ஹைகோர்ட்டினுடையதுதான். 1876-ல் கோவிந்தா என்பவன் வழக்கு. பதினெட்டு வயதுப் பையன், பதினைந்து வயது மனைவி. அவளைக் கீழே தள்ளி, மார்பில் ஒரு முழங்காலை வைத்து, மூடிய கையால் முகத்தில் இரண்டு மூன்று குத்து விட்டான். மூளையில் இரத்தம் கசிந்து அந்தப் பெண் இறந்தாள். இரண்டு நீதிபதிகளுக்குள் அபிப்பிராய பேதம். ஆகவே கேஸ் மூன்றாவதாக மெல்வில் என்ற நீதிபதியிடம் போயிற்று. அவர் இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வார்த்தை வார்த்தையாக ஒப்பிட்டுப் பார்த்தார். கொல்லும் எண்ணம் இல்லை. குத்தும் சாதாரணமாகச் சாவை விளைவிக்கப் போதுமானது இல்லை. ஆனாலும் சாவு நேரக்கூடிய காயம்தான். ஆகவே கொலை இல்லை, நடுப் படி என்றார். ஏழு வருஷம் தீவாந்தரம் கிடைத்தது. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் கொலைப் பிரிவை இந்தத் தீர்ப்பிலிருந்துதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

படிக்கும்போது ஒன்று என்னை உறுத்தும். பதினைந்து வயதுப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. அடித்தவன் பெயர் சட்டப் புத்தகத்தில் நிரந்தரமாகிவிட்டது.

அதே 1876-ல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்ப வண்டி தயாராக இல்லையென்று தன் குதிரைக்காரன் கட்வாரூவை முகத்தில் கையால் அறைந்து, தலைமயிரைப் பிடித்து இழுத்தார். அவன் விழுந்தான், எழுந்து பக்கத்து வளாகத்துக்குப் போய் அங்கே இறந்துவிட்டான். மண்ணீரல் வெடித்திருந்தது. அக்காலத்தில் மலேரியாவினால் நம் ஜனங்களுக்கு மண்ணீரல் வீங்கி, லேசான அடியிலேயே வெடிக்கும் நிலையில் இருப்பது சகஜம். மாஜிஸ்ட்ரேட் என்ன செய்தார்? சாதாரணக் காயம் என்று முப்பது ரூபாய் அபராதம் போட்டார்! வைஸ்ராய் லிட்டனே வருத்தப்பட்டு அதைக் கண்டித்துக் குறிப்பு எழுதினார். ஆங்கிலேயப் பத்திரிகைகள் அவர் மேல் பாய்ந்தன.

இந்த வழக்கை எல்லோரும் நிறவெறிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் உற்றுப் பாருங்கள்: ஃபுல்லருக்குக் கொலை எண்ணம் கிடையாது, மண்ணீரல் வீங்கியிருப்பதும் தெரியாது. கொலை இல்லை என்பது சட்டப்படி சரிதான். கோளாறு தண்டனையில். காயம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு வருஷம் வரை கொடுக்க இடம் இருந்தது. "மனதைப் பார்" என்ற கோட்பாடு நல்ல கோட்பாடு; யார் மனதை, யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் அநியாயம் நுழைகிறது. என் ஐம்பது வருஷத் தொழிலில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். சீதா கேம்ப்பில் இருந்து வரும் கட்டடத் தொழிலாளி ஒருவன் தள்ளினால் போலீஸுக்கு அவன் மனம் சட்டென்று தெரிந்துவிடும். நம் கட்டடத்துப் பையன் தள்ளினால் "நல்ல குடும்பம் சார்" என்று ஆரம்பிப்பார்கள். 1976-ல் ஜனதா காலனியிலிருந்து ஒரே மூச்சில் கிளப்பப்பட்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அந்த ஜனங்கள், அவர்களில் தமிழர்களும் ஏராளம். நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களுக்காகவும் நான் வாதாடியிருக்கிறேன், நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் வாதாடியிருக்கிறேன். ஜாமீன் கிடைக்கிற வேகமே வேறு. இந்த விஷயத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

சரி, "ஒரே ஒரு அடி" என்றால் எப்போதும் கீழ்ப் படியா? இல்லை. 1958-ல் சுப்ரீம் கோர்ட்டில் விர்சா சிங் வழக்கு. வயிற்றில் ஈட்டியால் ஒரே குத்து. கொல்ல நினைக்கவில்லை என்பது வாதம். நீதிபதி விவியன் போஸ் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: அந்தக் காயத்தைச் செய்ய வேண்டும் என்று நினைத்தானா என்று மட்டும் கேள். நினைத்துச் செய்த காயம் சாவுக்குப் போதுமானதா என்பதை டாக்டரிடம் கேள். "நான் அவ்வளவு ஆழம் போகும் என்று நினைக்கலை" என்பதற்கு இடமில்லை. கொலை என்று தீர்ப்பு.

சிலர் "உசிர் நிலையில் அடிக்கலையே, கை கால்லதானே அடிச்சோம்" என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. ஆந்திராவில் புன்னய்யா வழக்கு, 1976. வயதானவர் ஒருவரைக் கனத்த தடிகளால் கையிலும் காலிலும் விளாசினார்கள். 19 காயம். தலையில் ஒன்றும் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. ஹைகோர்ட் நடுப் படிக்கு இறக்கியது. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி சர்க்காரியா திரும்பவும் மேல் படிக்கு ஏற்றிவிட்டார். இந்த மூன்று படி விளக்கத்தையும் தெளிவாக எழுதிவைத்தவர் அவர்தான். அணுசக்தி நகரிலிருந்து வந்திருக்கும் விஞ்ஞானி அன்பர்கள் துல்லியம் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு அந்தத் தீர்ப்பை சிபாரிசு செய்கிறேன்.

இப்போது, கோபம். பம்பாய்க்காரர்களுக்கு நானாவதி என்றால் நான் சொல்லவே வேண்டாம். 27-4-1959. கடற்படைக் கமாண்டர், மனைவியின் வாயால் உண்மை தெரிந்த பிறகு, அவளையும் குழந்தைகளையும் மெட்ரோ சினிமாவில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கிக்கொண்டு, பிரேம் அஹுஜாவின் வீட்டுக்குப் போனார். மூன்று குண்டு. அப்புறம் தானே போய்ப் போலீஸில் சரணடைந்தார். ஜூரியில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள். செஷன்ஸ் ஜட்ஜ் அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. 24-11-1961-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. பிறகு 1964-ல் கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் மன்னித்தார் என்பது வேறு கதை. இதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி கேஸ் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை, வேறு சில இடங்களில் அதற்குப் பிறகும் ஜூரி இருந்தது.

நமக்கு வேண்டிய விஷயம் இது. திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டு, தன்னை இழந்த நிலையில் கொன்றால் அது கொலையிலிருந்து ஒரு படி இறங்கும் என்று சட்டம் சொல்கிறது. மனித சுபாவத்தை மெக்காலே புரிந்துகொண்டிருந்தார். நானாவதியின் வக்கீல்கள் இதைத்தான் பிடித்தார்கள். நீதிபதி சுப்பா ராவ் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவர் நாலு இருபதுக்குச் சுட்டார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், நடுவில் சினிமா தியேட்டர், கப்பல், ஆபீஸ். இத்தனை காரியத்தை ஒழுங்காகச் செய்தவர் தன்னை இழந்தவர் இல்லை. கோபம் ஆற அவகாசம் இருந்தது. "திடீர்" என்ற சொல்லுக்கு அவ்வளவு கனம்.

எங்கள் கேஸில் பெரியவர் பையனின் சட்டையைப் பிடித்தாரே, அது ஆத்திரமூட்டல் ஆகாதா என்று என் ஜூனியர் கேட்டான். நான் அதைத் தொடவே இல்லை. தண்ணீர் கேட்டு வந்த அறுபத்தேழு வயதுக்காரர் சட்டையைப் பிடித்தார் என்பதற்காக நியாயமான மனுஷன் தன்னை இழப்பானா? ஜட்ஜிடம் அப்படிச் சொல்லியிருந்தால் மற்ற வாதமும் கெட்டுப்போயிருக்கும்.

சென்னை ஹைகோர்ட்டில் இரண்டு விசித்திர வழக்குகள் இருக்கின்றன. செயலும் எண்ணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் என்ன என்பது பற்றி. 1912-ல் அல்வா கேஸ். சூரியநாராயண மூர்த்தி என்பவன், இன்ஷூரன்ஸ் பணத்துக்காக அப்பல நரசிம்மலு என்பவருக்கு விஷம் கலந்த அல்வாவைக் கொடுத்தான். அவர் கொஞ்சம் தின்று, பிடிக்காமல் மீதியை எறிந்துவிட்டார். ராஜலட்சுமி என்ற சிறு குழந்தை அதை எடுத்துத் தின்றது. அவர் பிழைத்துக்கொண்டார், குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையைக் கொல்ல அவன் கனவிலும் நினைக்கவில்லை. கொலையா? நீதிபதி பி.ஆர். சுந்தரமய்யர், மெட்ராஸ் லா ஜர்னல் ஆரம்பித்தவர்களில் ஒருவர், கொலை இல்லை என்றார். மற்ற இருவர் கொலைதான் என்றார்கள். அம்பு யாரை நோக்கி விடப்பட்டதோ அவரை விட்டு வேறொருவரைத் துளைத்தாலும் விட்டவன் எண்ணம் அதே எண்ணம்தான். பெரும்பான்மைத் தீர்ப்பே நின்றது.

இதற்கு நேர் எதிர் 1919-ல் பழனிக் கவுண்டன் வழக்கு. மனைவியைக் கொழுவால் தலையில் அடித்தான். அவள் மயங்கி விழுந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்து, தற்கொலை மாதிரி காட்ட உத்தரத்தில் தூக்கிக் கட்டினான். அவள் செத்தது கயிற்றால். அடித்தபோது கொல்லும் எண்ணம் நிரூபணம் ஆகவில்லை. கட்டியபோது பிணத்தைக் கட்டுவதாக நினைத்தான். ஆகவே கொலையும் இல்லை, நடுப் படியும் இல்லை என்று ஃபுல் பெஞ்ச் சொல்லிவிட்டது. அடித்ததற்கு மட்டும் தண்டனை. எனக்கு இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். தர்க்கம் சுத்தம். ஆனால் தர்க்கம் இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டுமா?

கார் ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விபத்து என்றால் எப்போதும் கீழ்ப் படிதான் என்று எண்ண வேண்டாம். 12-11-2006 விடியற்காலை, பாந்த்ரா கார்ட்டர் ரோடில் ஒரு கார் நடைபாதையில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்களில் 7 பேர் இறந்தார்கள், 8 பேருக்குக் காயம். ஓட்டியவர் குடித்திருந்தார். கீழ்க் கோர்ட் அஜாக்கிரதை என்று ஆறு மாசம் கொடுத்தது. ஊர் கொதித்தது. ஹைகோர்ட் அதை நடுப் படியின் இரண்டாம் பாகத்துக்கு ஏற்றி மூன்று வருஷம் ஆக்கியது. அலிஸ்டர் பெரைரா வழக்கு என்று பெயர். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. குடித்துவிட்டு அந்த வேகத்தில் போனால் யாராவது சாவார்கள் என்று தெரியாதா என்பதுதான் கேள்வி. "தெரிதல்" என்ற ஒரே சொல்லில் ஆறு மாசம் மூன்று வருஷமாகிறது.

இனி அடிதடி. இதில்தான் நம் ஜனங்களுக்கு அதிகம் தப்பெண்ணம். ஆங்கிலத்தில் அஸால்ட் என்கிறோமே, சட்டத்தில் அது அடி இல்லை. அடிக்கப் போகிறான் என்ற பயத்தை உண்டாக்கும் சைகையோ ஆயத்தமோதான் அது. முஷ்டியை ஆட்டுவது, தடியைத் தூக்குவது, கடிக்கும் நாயின் சங்கிலியை அவிழ்ப்பது. வெறும் வார்த்தை மட்டும் அஸால்ட் ஆகாது. ஆனால் வார்த்தை சைகைக்கு அர்த்தம் கொடுக்கும். ஆகவே லிஃப்டில் ஒருவர் மூஞ்சிக்கு நேரே கையை ஓங்கிவிட்டு "நான் தொடவே இல்லையே" என்றால் பிரயோஜனமில்லை. தொட்டு வலி உண்டானால் காயம். ஒரு வருஷம் வரை. எலும்பு முறிந்தால், பல் விழுந்தால், முகம் நிரந்தரமாக விகாரமானால், கண் காது போனால் கொடுங்காயம். ஏழு வருஷம் வரை. ஆயுதம் இருந்தால் இன்னும் மேலே. பல் என்றால் சிரிக்கிறீர்கள். ஒரு பல்! மாட்டுங்காவில் கிரிக்கெட் சண்டையில் ஒரு முன்பல் உடைந்த விஷயத்துக்காக ஒரு காலேஜ் பையன் நாலு வருஷம் கோர்ட் வாசலில் நின்றான். அமெரிக்கா போக விசா மனுவில் "உம்மீது கிரிமினல் வழக்கு உண்டா" என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் அவன் அம்மா என் ஆபீஸில் உட்கார்ந்து அழுதாள். பழைய சட்டத்தில் இருபது நாள் கடுமையான வலியோடு படுத்திருந்தால் கொடுங்காயம். புதியதில் பதினைந்து நாளே போதும்.

என் கேஸுக்கு வருகிறேன். விசாரணையில் எல்லாம் ஒரு மின்விளக்கில் வந்து நின்றது. தள்ளிய நேரம் சாயங்காலம் ஆறரை. மாடிப்படி அடியில் உள்ள பல்பு எரிந்ததா? எரிந்திருந்தால் பையன் பின்னால் படி இருப்பதைப் பார்த்திருப்பான், வயதானவரைப் படியில் தள்ளினால் சாகலாம் என்று தெரிந்திருக்கும், நடுப் படி. கீழ் வீட்டு மாமி ஒருத்தர் பார்த்த சாட்சி. "படியைப் பார்த்துண்டேதான் தள்ளினான்" என்றார். நான் குறுக்கு விசாரணை செய்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து பையனின் முதுகுதான் தெரியும் என்று அவர் வாயாலேயே வந்தது. அப்போது அந்த மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு நாள் அழுது தீர்த்த பிறகு மனது தானே பூர்த்தி செய்துகொண்ட சித்திரம் அது.

ஜட்ஜ் கொலை இல்லை என்றார். நடுப் படியும் இல்லை. ஆனால் விபத்தும் இல்லை. வயதானவரை அந்த வேகத்தில் பின்னால் தள்ளினால் எலும்பு முறியும் என்று எவனுக்கும் தெரியும். ஆகவே வேண்டுமென்றே கொடுங்காயம். மூன்று வருஷம். பையனின் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஜெயித்துவிட்டதாக ஜூனியர் நினைத்தான்.

வராந்தாவில் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. "அப்போ, அவர் தானா செத்துப் போனாரா, சார்?" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் பதில் வரவில்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, மாமி. அவர் இறந்தது பையன் தள்ளியதால்தான் என்று தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அவன் அவரைக் கொல்ல நினைக்கவில்லை, கொல்லுவோம் என்று தெரிந்தும் செய்யவில்லை என்பதுதான் மீதி. போன உயிருக்கு எடை போட்டுத் தண்டனை கொடுப்பதாக இருந்தால் எல்லா உயிருக்கும் எடை ஒன்றுதான். தெருவில் ஓடிவந்த குழந்தையை இடித்த டிரைவருக்கும் திட்டமிட்டு விஷம் வைத்தவனுக்கும் ஒரே தூக்குக் கயிறு. அதற்காகத்தான் மனதை எடை போடுகிறது. இதையெல்லாம் பிறகு ஒரு நாள், பெரியவரின் வருஷாப்திகம் ஆன பிறகு, அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எதிர்க் கட்சி வக்கீல் அப்படிப் போகலாமா என்று கேட்பீர்கள். கேஸ் முடிந்துவிட்டது, போனேன். அவர் காபி கொடுத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். ஒப்புக்கொண்டாரா என்றால், தெரியாது. "தண்ணி இப்ப நன்னா வரது" என்றார்.

(உரைக்குப் பின் கேள்வி நேரம். மூன்றில் ஒன்று மட்டும் இங்கே.)

கேள்வி: ராத்திரி வீட்டுக்குள் திருடன் வந்தால் அடிக்கலாமா? அவன் செத்துப் போனால்?

பதில்: இருட்டிய பிறகு, விடிவதற்கு முன் பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்தவன் என்றால் தற்காப்பு உரிமை அவன் உயிர் போகும் அளவுக்கும் நீளும் என்று சட்டமே சொல்கிறது. புதிய சட்டத்தில் 41-வது பிரிவு. ஆனால் அவன் வீட்டுக்குள் இருக்கும் வரைதான் அந்த உரிமை; தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. வெளியே ஓடியவனைத் துரத்திப் பிடித்து, விளக்குக் கம்பத்தில் கட்டி, கட்டடமே இறங்கி வந்து ஆளுக்கு நாலு அடி கொடுப்பது தற்காப்பு இல்லை. குர்லா ஸ்டேஷனில் பிக்பாக்கெட்காரனை அப்படி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவன் செத்தால், பொது எண்ணத்தோடு சேர்ந்து அடித்த ஒவ்வொருவரும் அந்தச் சாவுக்குப் பொறுப்பு. கடைசியில் வந்து ஒரே ஒரு அடி அடித்தவர் உட்பட. நம் ஆள் ஒருவர், பேங்க் ஆபீஸர், அப்படி ஒரு அடி அடித்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறார். "எல்லாரும் அடிச்சா, நானும் ஒண்ணு" என்றார். அவருக்கு ஜாமீன் வாங்க எனக்கு பதினொரு நாள் ஆயிற்று.